ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கு

நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்தார். அதுதான் ஈடு. அதில் சில பாசுரங்களுக்கு ஆளவந்தார் கொண்ட பொருள் ஒன்று, எம்பெருமானார் கொண்ட பொருள் வேறு; இரண்டும் பெயரோடு அருகருகே இருக்கும். பெரியவர் சொல்லிவிட்டார் என்று மற்றதை மறைக்கவில்லை.

பி.எச்டி. செய்யும் நம் மாணவி ஒருத்தியின் முன்னாய்வு அத்தியாயம் இரண்டு முறை திரும்பிவிட்டது. "விட்டுடலாமா டீச்சர்?" என்கிறாள். டிப்ளமோ படித்த எனக்கே தெரிகிறது: பத்திக்கு ஓர் ஆள், ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. விடாதே அம்மா. ஆளை வைத்து அடுக்காமல் கேள்வியை வைத்து அடுக்கு. யார் யார் ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள், ஏன் என்று எழுது. யாருமே கேட்காதது ஒன்று மிஞ்சும். உன் ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் நாலு பேரை மட்டும் வைத்து ஒரு பக்கம் எழுதி அனுப்பு, பார்க்கிறேன்.