மலைக்கோட்டையிலிருந்து ஒரு மண் கதை

திருச்சிக்குப் போனால் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்காமல் திரும்பாதீர்கள். 400-க்கு மேல் படிகள். என்னைப்போன்ற கனத்த ஆசாமிகளுக்கு நடுவழியில் தாயுமானவர் சந்நிதி இருப்பது பெரிய ஆறுதல்! மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய், பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு, வடக்கே பார்த்து நில்லுங்கள்.

தென்னந்தோப்புகள், அவற்றுக்கு மேலே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். "அடடா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். நீங்கள் பத்து நிமிஷம் கூட நில்லுங்கள்.

உங்கள் காலடியில் இருக்கும் குன்று என்ன தெரியுமா? சுற்றிலும் இருந்த பாறையெல்லாம் போனபின் மிஞ்சியது. பகலில் வெயிலில் காய்ந்து, இரவில் குளிர்ந்து, வெடிப்பில் மழைநீர் இறங்கிப் பாறை உதிர்கிறது. கல்லைப் பிளக்க உளி வேண்டும் என்று நினைக்கிறோம். கோபுரத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்றைக் கேளுங்கள், சொல்லும்! உதிர்ந்ததை மழை அடித்துக்கொண்டு போயிற்று. கெட்டியான இந்தக் குன்று மட்டும், கல்யாணம் முடிந்த பந்தலில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப்போல் தங்கிவிட்டது.

எதிரே ஸ்ரீரங்கமோ வந்து சேர்ந்த மண். குடகு மலையில் பிறந்த காவேரி, வழியெல்லாம் பாறையைத் தேய்த்து, ஒகேனக்கல்லில் இடித்துக் குதித்து, சுமை தாங்காமல் வருகிறாள். சமவெளியில் வேகம் தளர்கிறது. உடனே சுமையை இறக்கி வைக்கிறாள்: முதலில் கனத்த மணல், அப்புறம் மாவுபோன்ற வண்டல். அரங்கன் பள்ளிகொண்ட தீவும், கிழக்கே தஞ்சாவூர் வயல்களும் அப்படி வந்தவைதாம். நம் இலையில் விழும் பொன்னி அரிசிச் சாதம் குடகுப் பாறைக்குக் கடன்பட்டிருக்கிறது.

இறக்கி வைப்பதிலும் வம்பு உண்டு. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் காவேரி மணலால் மேடிட்டுப்போக, தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓடிற்று. தஞ்சை வயல்கள் வாடின. ஆர்தர் காட்டன் என்ற என்ஜினீயர் 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டிய பிறகுதான் காவேரிக்கு உரிய பங்கு கிடைத்தது.

இப்போதோ கவலை தலைகீழ். 1934-ல் முடிந்த மேட்டூர் அணை, தண்ணீரோடு வண்டலில் பெரும் பகுதியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அணையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது திறக்காவிட்டால் குறுவை ஏது? ஆனால், புது மண் வரவு குறைந்த ஆற்றில், இருக்கிற மணலையும் லாரி லாரியாக அள்ளினால்? 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி, முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் போயின. கட்டடத்தின் வயது காரணம் என்றார்கள் சிலர். மணல் அள்ளி ஆறு பள்ளமானது காரணம் என்றார்கள் வேறு சிலர். பிறகு புதிய கதவணை எழுந்தது. போன மணலை யார் கட்டுவது?

சரி, இறங்கலாம். ஸ்ரீரங்கம் பஸ் ஏறிக் கொள்ளிடக் கரைக்குப் போய், ஒரு பிடி மணலை எடுத்து வெயிலில் பாருங்கள். வெள்ளையும் பழுப்புமாகத் துகள்கள் மினுக்கும். பார்த்தபின் அங்கேயே கொட்டிவிட்டு வாருங்கள்.