சாந்தோம் கடற்கரையிலே

மயிலைக்கு யாத்திரையாகச் செல்லும் நம் குடும்பங்கள், புனித தோமையாரின் கல்லறையருகே முழந்தாளிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, வந்த வழியே பேருந்து நிறுத்தத்திற்குத் திரும்பிவிடுவதே வழக்கம். பேராலயத்தின் பின்புறம், கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கடல். அண்மையில் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் நாம் அவ்வழியே சென்றோம்.

முன்னாளில் இது சிற்றூரே. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, வணிகர் மிகுதியாக நாடாத சிறு பட்டினம் என்றே இதனைக் குறிக்கிறார். ஆயினும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே யாத்திரை வந்தனர் என்றும், திருத்தூதர் உயிர் நீத்த இடத்து மண்ணைக் காய்ச்சல் கண்டவர்களுக்கு மருந்தாகக் கொடுத்தனர் என்றும் எழுதியுள்ளார். பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்கள் மொழியில் தோமையாரின் பெயரே சாந்தோம் ஆயிற்று. 1545-இல் புனித சவேரியார் சில மாதங்கள் இங்கே தங்கிச் செபித்தார். 1606-இல் மறைமாவட்டம் பிறந்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரரும், 1749-இல் ஆங்கிலேயரும் ஊரைக் கைப்பற்றினர். இன்றைய பேராலயம் 1896-இல் எழுந்தது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து செபித்ததை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் உளர்.

கடலை நோக்கி நிற்கும் தோமையார் கம்பத்தைக் கண்டோம். இதனைத் தாண்டிக் கடல் வாராது என்று திருத்தூதரே நாட்டினார் என்பது மரபு. 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருநாளன்று ஆழிப்பேரலை வந்தபோது பேராலயத்தினுள் நீர் புகவில்லை. அதைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லி வந்தோம். ஆனால் அதே அலை அருகிலுள்ள குப்பங்களில் புகுந்து வீடுகளையும் படகுகளையும் வலைகளையும் வாரிச் சென்றதே! கதையின் அந்தப் பாதியை நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்?

வடக்கே நடந்து நொச்சிக்குப்பத்தை அடைந்தோம். கட்டுமரங்கள் அருகி, ஃபைபர் படகுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. சாலையோரத்தில் தலைமுறை தலைமுறையாய் மீன் விற்ற பெண்கள், 2023-இல் அக்கடைகள் அகற்றப்பட்டபோது, இக்கரை இனி நமக்கில்லையோ என அஞ்சித் தெருவில் அமர்ந்தார்கள். 2024-இல் 366 கடைகளுடன் அங்காடி ஒன்று அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. அதனுள்ளே சென்று சங்கரா மீன் விலை கேட்டோம். நம் கையிலிருந்த செபமாலையைப் பார்த்தார் ஒரு மூதாட்டி.

“கோவிலுக்கு வந்தீங்களா? சுனாமி அன்னிக்கு நாங்களும் அங்கதான் ஓடினோம். உள்ள தங்க வெச்சு சோறு போட்டாங்க.”

“நீங்கள் நம் சபையாரோ, அம்மா?”

“இல்லைங்க. நாங்க எல்லையம்மனைக் கும்பிடுறவங்க. அன்னிக்கு அதை யாரும் கேக்கலை.”

நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. விலை பேசாமல் மீனை வாங்கிக்கொண்டோம்.