தலை வரும் ஒன்பது நாள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டை ஒன்பது நாள் நடக்கும். நவம்பரில் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கிவிடும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வாங்கி, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டில் இறங்குகிறார்கள். 2016-இல் சட்டம் திருத்தி ஆரஞ்சோடு இளஞ்சிவப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களும் வேட்டைக்கு வருவார்கள் என்று நினைப்பு. நான் பார்த்த அளவில் இளஞ்சிவப்பு அணிந்து யாரும் வரவில்லை. செப்டம்பரில் தொடங்கும் வில் வேட்டையிலும் கொஞ்சம் மான் விழும். ஆனால் மான் தலையைப் பாடம் செய்து பிழைக்கிற சிறு பட்டறைக்காரர்களுக்கு வருஷ வருமானத்தின் பெரும் பங்கு இந்த ஒன்பது நாளில்தான் கதவைத் தட்டுகிறது.

நான் போன பட்டறை மாடிசன் நகருக்கு மேற்கே, குன்றும் சோளக்கொல்லையும் மாறி மாறி வரும் நாட்டுப்புறத்தில் இருக்கிறது. வீட்டை ஒட்டிய கார் கொட்டகைதான் பட்டறை. கணவர் பாடம் செய்கிறார். மனைவி கணக்கையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்கிறார். வேட்டைக் காலத்தில் மட்டும் தோல் உரிக்க ஒரு கல்லூரிப் பையன் வருகிறான். சுவரில் மாட்டுவதைத் தவிர வேறு உபயோகமில்லாத ஒரு பொருளுக்கு, அதுவும் ஆளரவம் குறைந்த ஊரில், புது வாடிக்கையாளர் எங்கிருந்து கிடைக்கிறார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆண்டுதோறும் வேட்டைக்குப் போகும் என் அலுவலக நண்பரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் முதலில் எனக்குப் பட்டறையைக் காட்டவில்லை. தன் பழைய டிரக்கில் ஏற்றி, நாலு மைல் தள்ளியிருந்த ஓர் இறைச்சிக் கடைக்கு அழைத்துப்போனார். வேட்டைக்காரர்கள் மானைக் கொண்டுவந்து இறக்க, கடைக்காரர் வெட்டிப் பொட்டலம் கட்டி, பாதியைத் தொத்திறைச்சியாக்கிக் கொடுக்கும் இடம் அது. கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு கொம்பன் தலை. பட்டறைக்காரர் செய்ததிலேயே நல்ல தலை அதுதானாம். கடைக்காரர் சுட்ட மான், காசு வாங்காமல் செய்து கொடுத்தது. வரிசையில் நிற்கிறவர் வேறு வழியில்லாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் முறை வரும்போது கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “தலையை என்ன செய்யப்போகிறீர்கள்?”

“அந்தக் கேள்விக்கு நான் எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் ஈடாகாது” என்றார் பட்டறைக்காரர்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நஷ்டக் கதை இருக்கிறது. 2014 வரை இங்கே சுட்ட மானை வண்டியில் போட்டு, பதிவு நிலையத்துக்கு நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பதிவு நிலையம் என்றால் அரசு அலுவலகம் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அது ஊர் மதுக்கடை, பெட்ரோல் பங்க், வேட்டைச் சாமான் கடை. மாலையில் ஊரே அங்கே கூடும். எவன் மானுக்கு எத்தனை கிளை என்று எண்ணுவார்கள், பீர் ஓடும், பந்தயம் நடக்கும். பாடம் செய்பவர் அங்கே ஒரு மூலையில் நின்றால் போதும், வாடிக்கையாளர் தானாக வண்டியோடு வந்து சேருவார். 2015 முதல் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிந்தால் போதும் என்று மாற்றினார்கள். வேட்டைக்காரருக்கு நல்ல வசதி. ஆனால் கூட்டம் கலைந்துபோயிற்று. அந்த வருஷம் தன் வரவு கணிசமாகக் குறைந்தது என்கிறார். கூடுமிடம் போனபின் எஞ்சிய கூடுமிடம் எது என்று தேடித்தான் இறைச்சிக் கடைச் சுவரைப் பிடித்திருக்கிறார். வியாபாரம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை.

பட்டறைக்குள் நுழைந்ததும் நாற்றம் அடிக்கும் என்று எதிர்பார்த்தேன். உப்பும் ஈர மண்ணும் கலந்த வாசனைதான். சுவர் ஓரமாக நான்கு உறைபெட்டிகள். பெரிய மேசையில் ஒரு மானின் தோள்வரைத் தோல், உட்புறம் மேலே இருக்க விரித்துக் கிடந்தது. பையன் அதிலிருந்து கொழுப்பையும் சதைத் துணுக்கையும் வழித்துக்கொண்டிருந்தான். உதட்டையும் மூக்கையும் உள்பக்கமாகப் பிளந்து, காதைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உறைபோலத் திருப்பி எடுக்க வேண்டும். அங்கே சதை கொஞ்சம் தங்கினாலும் உப்பு ஏறாது. உப்பு ஏறாத இடத்தில் பாக்டீரியா நுழைந்து முடி கொத்தாகக் கழன்றுவிடும். அயோடின் கலக்காத பொடியுப்பைக் கை கையாக அள்ளித் தேய்த்து, மறுநாள் ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்புப் போட்டு, காய்ந்து விறைத்தபின் பதனிடும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வர மாதக்கணக்காகும். ஒரு தலைக்கு ஏன் ஒரு வருஷம் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இந்த இடைவெளி தெரிவதில்லை.

பதனிட்டு வந்த தோலுக்குள் இப்போது யாரும் வைக்கோல் திணிப்பதில்லை. மானை உரிக்கும்போதே கண் முனையிலிருந்து மூக்கு நுனி வரையும் கழுத்துச் சுற்றளவும் அளந்து வைத்து, அந்த அளவுக்கேற்ற ஃபோம் உருவை வாங்குகிறார்கள். கழுத்து அளவு முக்கியம். நவம்பர் இணை சேரும் காலம். ஆண் மானின் கழுத்து வீங்கிப் பருத்திருக்கும். சுட்டவர் மனத்தில் நிற்பது அந்தக் கழுத்துதான். செப்டம்பர் கழுத்தில் நவம்பர் கொம்பை வைத்துக் கொடுத்தால் என்ன தவறு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அடுத்த வருஷம் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது கண் வைக்கும் வேலையை. கண்ணாடிக் கண்ணைக் குழியில் களிமண்ணால் பதித்து, அதைச் சுற்றித் தோலை ஊசியால் ஒதுக்கி ஒதுக்கி இமையாக்குகிறார். மானின் கருமணி வட்டமல்ல, கிடைமட்டமாக நீண்டது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்தக் கோடு தரைக்கு இணையாக நிற்க வேண்டும். சிறிது பிசகினால் மான் மிரண்டதுபோலவோ செத்ததுபோலவோ தெரியும். கைபேசிப் படத்தில் நேர்முகமாக எடுத்தால் இந்தக் குறையெல்லாம் மறைந்துவிடும் என்பதால், அவர் தன் முகநூல் பக்கத்தில் பக்கவாட்டுப் படம் மட்டும்தான் போடுகிறார். “முன்பக்கப் படம் மட்டுமே போடுகிறவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்” என்று அங்கேயே எழுதியும் வைத்திருக்கிறார். போட்டியாளர்கள் அவரை விரும்ப மாட்டார்கள் என்று தோன்றியது.

இந்தக் கலைக்கு விஸ்கான்சினில் வேர் ஆழம். கார்ல் ஏக்லி 1890-இல் மில்வாக்கி பொது அருங்காட்சியகத்தில் கஸ்தூரி எலிகளை அவற்றின் கூடு, நீர், கரையோடு சேர்த்து அமைத்துக் காட்டினார். பிராணியை அதன் வாழிடத்தோடு காட்டும் அருங்காட்சியக முறைக்கு முன்னோடி என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு, 1885-இல் ரயில் மோதி இறந்த ஜம்போ யானையைப் பாடம் செய்த குழுவிலும் அவர் இருந்தார். வைக்கோல் அடைப்பதை விட்டு, தசையைக் களிமண்ணில் வடித்து அதன்மேல் தோலைப் போர்த்தும் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் அவர்தான்.

நமக்கு அருகே மைசூரில் இருந்தது வான் இங்கன் குடும்பத்தின் ஆலை. மன்னர்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும் சுட்ட புலி, சிறுத்தை மட்டுமே 40,000-க்கு மேல் அங்கே பாடமாகியிருக்கின்றன. அந்த எண்ணைப் படிக்கையில் வயிற்றைப் பிசைகிறது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த ஆலை மெல்லத் தேய்ந்து 1999-இல் மூடிற்று. மூடியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களுடைய ஒரு வியாபார வழக்கம் கவனிக்கத்தக்கது: வேட்டையாடுகிறவர் காட்டிலேயே தோலை எப்படி உரித்துக் காக்க வேண்டும் என்று விளக்கும் கையேடு அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

விஸ்கான்சின் பட்டறைக்காரர் அந்தக் கையேட்டைக் கண்டதில்லை, ஆனாலும் அதே காரியத்தைத்தான் செய்கிறார். அவருக்கு வரும் கெட்ட தலைகளில் பெரும்பாலானவை சுட்டவரே கெடுத்தவை. வயிற்றைக் கிழிக்கும் கத்தி நெஞ்சைத் தாண்டிக் கழுத்துவரை ஏறிவிடும். பனியில் தரதரவென்று இழுத்து வந்ததில் ஒரு பக்கத்து முடி தேய்ந்துபோயிருக்கும். தோள் தோலை அளவுக்கு மீறிக் குட்டையாக வெட்டியிருப்பார்கள். எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று படம் போட்ட சிறிய அட்டையைச் சட்டைப்பையில் வைக்கும் அளவில் அச்சடித்து, இறைச்சிக் கடையிலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பிலும் இலவசமாகக் கொடுக்கிறார். பின்பக்கம் தொலைபேசி எண். அந்த வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். துணைக்கு ஒரு பெரியவர் இருந்தால் எந்த வயதுக் குழந்தையும் வேட்டையாடலாம் என்று 2017-இல் சட்டமாக்கினார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் அங்கே விருந்தாளி என்பதால் வாய் திறக்கவில்லை. அவருக்கோ முதல் மான் சுட்ட குழந்தை என்றால் கொம்பு எவ்வளவு சிறிதானாலும் தலை நிச்சயம் வரும்.

இன்னொரு வாசலை நோய் திறந்திருக்கிறது. மான்களை மெல்ல உருக்கிக் கொல்லும் நாள்பட்ட நலிவு நோய் 2002-இல் இந்த மாநிலத்தில், இதே மேற்குக் குன்றுப் பகுதியில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இறைச்சியைச் சாப்பிடுமுன் சோதித்துக்கொள்ள விரும்புகிறவர், தொண்டையருகே உள்ள நிணநீர்க் கணுவை எடுத்து அனுப்ப வேண்டும். அரசு வைத்திருக்கும் பெட்டியில் தலையை முழுதாகப் போட்டுவிட்டால் சுவருக்குத் தலை மிஞ்சாது. தோல் கெடாமல் கணுவை எடுக்கத் தெரிந்தவர் பாடம் செய்கிறவர்தான். “சோதனைக்கும் அனுப்புகிறேன், தலையும் தருகிறேன்” என்று சொல்ல முடிந்ததால் வேறு பட்டறைக்குப் பழகியிருந்த சிலர் இங்கே மாறியிருக்கிறார்கள்.

தலைக்கு அவர் வாங்குவது 700 டாலர், பாதி முன்பணம். அவ்வளவு கொடுக்க முடியாதவர்களுக்கு மண்டையோடும் கொம்பும் மட்டும். சதையைத் தின்று எலும்பைத் துப்புரவாக்க டெர்மெஸ்டிட் வண்டுகளை வளர்க்கிறார், பட்டறையிலிருந்து தள்ளி ஒரு தனிக் கொட்டகையில். அவை தப்பி உள்ளே வந்தால் முடித்து வைத்த தலைகளையும் தின்றுவிடும். இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கோடையில் மீன்: நீளமும் சுற்றளவும் ஒரு படமும் கொடுத்தால் கண்ணாடியிழையில் அச்சு அசல் மஸ்கி மீன் தயார், உயிர் மீன் மறுபடி ஏரிக்கே போய்விடுகிறது. எனக்குப் பிடித்த வேலை இது ஒன்றுதான்.

வரும் எல்லாவற்றையும் அவர் எடுப்பதில்லை. ஜன்னலில் மோதிச் செத்த சிவப்புக் கார்டினல் பறவையை அட்டைப்பெட்டியில் வைத்து ஒரு பாட்டி கொண்டுவந்தார். 1918-இன் வலசைப் பறவைச் சட்டப்படி செத்துக் கிடந்ததைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. மனைவி அதைப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். செல்ல நாய், பூனையும் மறுப்புத்தான். “மானின் முகத்தை யாரும் பழகிப் பார்த்ததில்லை, நாயின் முகத்தைப் பதினாலு வருஷம் பார்த்தவருக்கு நான் என்ன செய்தாலும் அது அவருடைய நாயாக இருக்காது” என்றார். இதில் நல்ல காசு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அழுதுகொண்டே பணம் கட்டியவர் அழுதுகொண்டே ஊரெல்லாம் குறை சொல்வார் என்பதும் தெரியும்.

புது ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்று வந்தவர்களிடமே கேட்டேன். அழகு, விலை என்று சொன்னவர்கள் குறைவு. முன்பு கொடுத்த இடத்தில் இரண்டு வருஷம் ஆகியும் தலை வரவில்லை, போன் எடுப்பதில்லை என்பதுதான் பெரும்பாலோர் பாட்டு. நவம்பரில் ஆசைப்பட்டு அளவுக்கு மீறி அட்வான்ஸ் வாங்கி, அதைச் செலவழித்துவிட்டு, அடுத்த வருஷத்து அட்வான்ஸில் பழைய தலையை முடிக்கிற பட்டறைகள் இந்தத் தொழிலில் சகஜம். இவர் மனைவி முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறார். ஒவ்வொரு சீட்டிலும் தலை தயாராகும் மாதத்தை எழுதிக் கொடுக்கிறார். இந்தப் பட்டறையின் உண்மையான விளம்பரதாரர் அந்த அம்மாள்தான் என்பது என் தீர்ப்பு. கணவர் இதை மறுக்கவில்லை.

வேட்டை முடிய ஒரு நாள் இருக்கும்போதே அவர்கள் வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள்: இந்த ஆண்டுக்குத் தலை எடுப்பதில்லை. அதன்பிறகு வந்தவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் இன்னொருவரின் எண்ணை எழுதிக் கொடுத்து, தோலை அதுவரை உறைய வைக்கும் விதத்தையும் சொல்லி அனுப்பினார்கள்.