மருந்தே இல்லாத மாத்திரை!
அச்சன்புதூரிலிருந்து தென்காசி ஜிம்முக்குத் தினமும் பைக்கில் போகிறான் அந்தப் பையன். ஆறு மாதமாகியும் கை ஏறவில்லையாம். “மாத்திரை போடாம உடம்பு ஏறாதுலே” என்று கூட்டாளி சொன்னதிலிருந்து அதே நினைப்பு.

1972-ல் அமெரிக்காவில் ஏரியல், சாவில் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். பளு தூக்கிப் பழகிய ஆறு பேருக்கு, ஸ்டீராய்டு என்று சொல்லி வெறும் மாத்திரை கொடுத்தார்கள். நாலே வாரத்தில், முன்பைவிட வேகமாக அவர்கள் தூக்கும் எடை கூடியது. ஆறு பேர் சின்னக் கணக்குதான். கூடியதும் பலம்தான், சதை வளர பயிற்சியும் முட்டையும் தூக்கமும் வேண்டும். ஆனாலும் மனசு நம்பினால் கை இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கிறது. அசல் ஸ்டீராய்டு மாத்திரையோ ஈரலையே கெடுத்துவிடும்.

அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை சுமக்கும் அவன் அப்பா, மாத்திரை என்ன விலை என்று கேட்டார். பையன் சொல்லவில்லை.