பிள்ளைக்கு ஊசி, அம்மாவுக்கு டெஸ்ட்

"ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று மாமியார் இன்னொரு கரண்டி சோறு வைப்பார். அந்த வீட்டில் பாசத்துக்கு அதுதான் அளவு. ஆறாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டிய சர்க்கரை 162. "எங்க வீட்டுல யாருக்கும் சுகர் இல்லையே?" என்றார் மாமியார். மருமகளின் ரத்தத்துக்கு மாமியார் வம்சம் எப்படி ஜாமீன் ஆகும்? கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

வெறும் வயிற்றோடு வராதவர்களுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம் என்று வலியுறுத்தியவர் சென்னை டாக்டர் வி.சேஷையா. பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொன்னால் யார் வருவார்கள்? அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

நர்ஸ் திட்டவில்லை. "காலையில எத்தனை இட்லி?" என்றுதான் ஆரம்பித்தார். ஆறு இட்லி, சர்க்கரை போட்ட பால், பதினோரு மணிக்கு மாதுளை ஜூஸ். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. குறைத்துவிட்டு, அந்த இடத்தில் கூட்டு, சுண்டல், முட்டை வைக்கச் சொன்னார். ஜூஸுக்குப் பதில் பழம். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நடை. மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியதுதான் பெரிய விஷயம். அடுப்பு அவர் கையில்தானே இருக்கிறது! பேச்சோடு பேச்சாக அவர் விரலிலும் குத்திப் பார்த்தார். 254. அதுவரை ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை.

இரண்டு வாரத்தில் மருமகளுக்குச் சாப்பாட்டுக்குப் பின் 120-க்குக் கீழே இறங்கியது. இறங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் பிரசவத்துக்குப் பிறகுதான். குழந்தை வந்ததும் சர்க்கரை சரியாகிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் இப்படி வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தைக்கும் வளர்ந்தபின் அந்த ஆபத்து உண்டு. அதனால் ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தைக்கு 45-ஆம் நாள் ஊசி போடுவதும் அப்போதுதான். பிள்ளையின் தேதியை மறக்காத வீடுகள் தாயின் தேதியை மறக்கின்றன.

நர்ஸ் இரண்டையும் ஒரே அட்டையில், ஒரே தேதியில் எழுதிக் கொடுத்திருந்தார். வெறும் வயிற்றோடு போனாள். ரிசல்ட் நார்மல். இனி வருஷத்துக்கு ஒருமுறை. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் லேபுக்குப் போக, கணவர் போனில் அலாரம் வைத்திருக்கிறார்.