எண்பதாம் எண் சாலையில் வீடு திரும்பல்

அமெரிக்காவை ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் குறுக்கே கடந்தவர்கள் எழுதும் கட்டுரைகள் பசிபிக் கடலில் கால் நனைப்பதோடு முடிந்துவிடும். அப்புறம் வண்டி எப்படி வீடு வந்து சேர்ந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. கால் நனைத்த பிறகு எங்களுக்கு இன்னும் ஏறத்தாழ 2,900 மைல் பாக்கி இருந்தது. ஐ-80 நெடுஞ்சாலை சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, எங்கள் நியூ ஜெர்சியின் டீனெக்கில் போய் முடிகிறது. வழி தேடும் வேலையே இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றார்கள் நண்பர்கள். அவர்கள் விமானத்தில் போய்வருகிறவர்கள்.

கிளம்புவதற்கு முன் சலீனாஸுக்குப் போனோம். ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் சார்லி என்ற நாயுடன் நாட்டைச் சுற்றிவந்த பச்சை டிரக் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டான் குயிக்சாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டேதான் அதற்கும் பெயர். அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகத்தில் ஒரு விசித்திரமான தகவல் உண்டு. வீடு நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரில் இருக்க, பல நூறு மைல் முன்னாலேயே, வர்ஜீனியாவின் அபிங்டன் அருகே, தன் பயணம் முடிந்துவிட்டது என்கிறார். மீதித் தூரம் வெறும் ஓட்டம். “நமக்கு எங்க முடியுதுன்னு பார்ப்போம்” என்றாள் மனைவி.

நெவாடா சீக்கிரம் கழிந்தது. வெண்டோவரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினோம். மேற்கே போகும்போது இனாமாகக் கிடைத்த மூன்று மணி நேரத்தையும் திரும்பும்போது ஒவ்வொன்றாகக் கட்டிவிட வேண்டும். யூட்டாவின் உப்புவெளி வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அதையும் நிற்காமல் கடந்தோம்.

வயோமிங் அப்படி விடவில்லை. ராலின்ஸுக்கு மேற்கே சாலை ஒரு பெரும் பள்ளப் படுகைக்குள் போகிறது. அங்கே விழும் மழை அட்லாண்டிக்குக்கும் போவதில்லை, பசிபிக்குக்கும் போவதில்லை. கிழக்கே எல்க் மலையடிவாரத்தில் காற்று. எடை குறைந்த உயரமான வண்டிகளுக்குச் சாலை மூடப்பட்டிருப்பதாக மின்பலகை சொன்னது. பதினோரு அடி உயர வண்டியை வைத்துக்கொண்டு அதோடு வாதாட முடியுமா? ராலின்ஸில் தங்கினோம். நிறுத்திய இடத்திலேயே இரவு முழுதும் வண்டி கோயில் தேர்போல ஆடியது. பழைய 30-ஆம் எண் சாலை வடக்கே மெடிசின் போ ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. புதுச் சாலையைக் குறுக்கே மலையடிவாரத்தில் போடவேண்டாம், பனியும் காற்றும் தாங்காது என்று அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எச்சரித்தார்களாம். கேட்காமல் போட்டு 1970-இல் திறந்தார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் மூடித் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் லாரமி தாண்டி 8,640 அடியில் ஷெர்மன் உச்சி. ஐ-80-இன் மிக உயரமான இடம் அதுதான். ஆப்ரகாம் லிங்கனின் மாபெரும் வெண்கலத் தலை மேலிருந்து பார்க்கிறது. அதன்பின் இறக்கம்.

நெப்ராஸ்காவில் ஒகலாலாவைத் தாண்டியதும் இரண்டாவது மணி நேரம் போயிற்று. பிளாட் ஆறும் மக்காச்சோள வயலும் கூடவே வந்தன. அப்போது மனைவி கேட்டாள்: “பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் செவ்வாயா, புதனா?”

அவளுக்குப் பயணம் அங்கே முடிந்தது. நான் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது மணி நேரத்தையும் கொடுத்துவிட்டு, இண்டியானாவில் எல்கார்ட்டை நெருங்கினோம். இந்த நாட்டில் ஓடும் ஆர்.வி.க்களில் பெரும்பகுதி அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பிறந்தவை. எதிர்ப்பக்கத்தில் பிக்கப் டிரக்குகள் புத்தம்புது டிரெய்லர்களை மேற்கே இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றிலும் தூசி இல்லை, பூச்சி அடித்த கறை இல்லை. என் பயணம் முடிந்த இடம் அதுதான்.

கடைசி இரவு பென்சில்வேனியாவில். மறுநாள் காலை வேலையை அழகாக எழுத வழியில்லை. வீட்டுக்குப் போகும் முன் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்தாக வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகுதான் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி. பின்னது குழாயை அலசிக்கொண்டு போகும். வரிசை மாறினால் ஹோஸை நாம்தான் கழுவவேண்டும். கையுறை போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பக்கத்து வண்டிக்காரர் பார்த்து, “வீட்டுக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “பாவம்” என்றார், உண்மையான அனுதாபத்துடன்.

எங்கள் ஊரான எடிசனில் வீட்டைத் திறந்தால் அறை அறையாக இடம். எதற்கு இவ்வளவு என்றுதான் தோன்றியது. வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன். சமையல், குளியல், பல் துலக்கல் எல்லாம் அதற்குள் நடந்தன. நிமிடத்துக்கு 2.5 காலன் கொட்டும் வீட்டு ஷவர் அதைப் பதினாறு நிமிடத்தில் காலி செய்துவிடும். ஓர் அமெரிக்கக் குடும்பம் வீட்டில் தினமும் சராசரியாக 300 காலனுக்கு மேல் செலவழிக்கிறது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. சோப்புப் போடும்போது குழாயை மூடும் வழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. மனைவிக்கு ஒரே வாரத்தில் விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மாமி தண்ணீர் ஊற்றிக் காத்த கறிவேப்பிலைத் தொட்டி, நாங்கள் இருந்தபோது இருந்ததைவிடச் செழிப்பாக இருந்தது. வண்டியை வாசலில் நிறுத்தக் குடியிருப்புச் சங்கம் விடாது. மாத வாடகைக்கு வேறிடத்தில் நிற்கிறது.

இப்படிக் கிளம்ப நினைப்பவர்கள் விடுப்பை எல்லாம் போகும் வழிக்கே செலவழித்துவிட்டுத் திரும்பும் வழியை இரவு பகலாக ஓட்டித் தீர்க்காதீர்கள். பாதி நாட்களைத் திரும்புவதற்கு வையுங்கள். வயோமிங்குக்கென்று ஒரு நாள் உபரியாக இருக்கட்டும். காற்று அடித்தால் ராலின்ஸில் படுத்துக்கொள்ளலாம். அடிக்காவிட்டால் அந்த நாளை பென்சில்வேனியாவின் காடுகளுக்குக் கொடுங்கள்.