உப்புக்காற்றின் மேல் பழி

வடசென்னையில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி கடல்தான். ஜன்னல் கம்பி இற்றுப்போனாலும் உப்புக்காற்று, ஃபிரிட்ஜின் அடித்தகடு ஓட்டையானாலும் உப்புக்காற்று. ராத்திரி நிறுத்திய கார் காலையில் கிளம்பவில்லை என்றபோதும் எங்கள் திருவொற்றியூர்த் தெரு அதே தீர்ப்பைத்தான் சொன்னது. பேட்டரிக் கடைக்காரரும் ஆமோதித்தார். கையோடு புதுசின் விலையையும் சொன்னார்.

பழி முழுப் பொய்யில்லை. பேட்டரியின் மேல்மூடியில் ஈரமும் அழுக்கும் படிந்தால் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு ஒரு மெல்லிய கசிவு ஓடும். மீட்டரின் ஒரு முனையை மைனஸில் வைத்து, மறுமுனையால் அந்த பிளாஸ்டிக் மூடியைத் தொட்டால் அங்கேயும் வோல்ட் காட்டும். சோடா உப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கசிவு பேட்டரியை வாரக்கணக்கில் இளைக்க வைக்குமே தவிர, ஒரே ராத்திரியில் சாய்க்காது. முழுசாகச் சார்ஜ் ஏறி 12.6 வோல்ட் காட்டிய பேட்டரி விடிவதற்குள் 12-க்குக் கீழே போயிருந்தால், உள்ளே எதுவோ தூங்காமல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சாவியை எடுத்துவிட்டால் கார் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அணைவதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் பெட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை போனால் பொதுவாகக் கவலையில்லை என்பார்கள். அந்தக் கணக்கில் சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அடியோடு காலியாக ஒரு மாதம் பிடிக்கும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கு நிற்கும் புத்தம் புதுக் கார்களுக்கும் இதே தொல்லைதான். யார்டில் காத்திருந்து, பிறகு வாரக்கணக்கில் கப்பலில் போய் இறங்கும்போது கிளம்ப வேண்டாமா? அதனால்தான் பல கம்பெனிகள் அனுப்பும்போதே ஒரு ஃபியூஸைக் கழற்றி வைக்கின்றன, அல்லது ‘டிரான்ஸ்போர்ட் மோடு’ என்று காரை அரை மயக்கத்தில் போட்டுவிடுகின்றன.

துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் டிரெய்லர் டிரைவர்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட விவரம் அதிகம். பல லாரிகளில் பேட்டரி பக்கத்திலேயே கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கும். திருப்பிவிட்டால் மொத்தமும் அடங்கிவிடும். அவர்களுடைய சிக்கல் வேறு. லாரிக்கு 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி தொடராக. கேபினில் ஃபேனும் பாட்டும் 12 வோல்ட் கேட்கிறதே என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பார்கள். அது பாதிக்குப் பாதி வற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்தது நிரம்பி வழியும். ஜோடியில் ஒன்று சீக்கிரம் சாகும், இன்னொன்றையும் கெடுத்துவிட்டுத்தான் சாகும்.

எங்கள் காருக்கு மீட்டரோடு வந்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். எண்ணூர் லேலண்டில் எலக்ட்ரிக்கல் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவர். மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்தார். “சாவிய தொடக் கூடாது தம்பி, செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் போய்டும்” என்றார். டிரைவர் கதவு திறந்தே இருந்தது. அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாகக் காரை நம்ப வைத்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருக்கும் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரைமணி ஆகும், அதற்கு முன்னால் காட்டும் எண்ணை நம்பக் கூடாதாம். எதையாவது உடனே கழற்றி மாட்டும் மெக்கானிக்கைத்தான் நமக்குப் பிடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வராது.

அரைமணி கழித்தும் 1.6 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 16 ஆம்பியர்-அவர், கிட்டத்தட்ட பாதி பேட்டரி.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் தூங்கும் பெட்டிகள் விழித்துக்கொள்ளும் என்று, ஃபியூஸ் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே போனார். கரண்ட் ஓடும் ஃபியூஸில் மட்டும் ஏதாவது காட்டும். ஒன்றிலும் உருப்படியாகக் காட்டவில்லை. ஆல்டர்னேட்டரில் டயோடு போயிருக்குமோ என்று அதன் தடித்த ஒயரையும் கழற்றிப் பார்த்தார். 1.6 அசையவில்லை.

அப்புறம்தான் பிளஸ் டெர்மினலை உற்றுப் பார்த்தார். கம்பெனி ஒயருக்கு அடியில், அதே சிவப்பில் இன்னொன்று.

“இது இன்னா, இது யாரு ஒயரு?”

கைமாறி வந்த கார் அது. அந்த ஒயர் ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல் நேரே தரைவிரிப்புக்கு அடியில் ஓடி முன்சீட்டுக்குக் கீழே முடிந்தது. அங்கே ஒரு ஆம்ப்ளிஃபையர். கையை விட்டுத் தொட்டேன்: ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்குள், இட்லிப் பானையை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி வெதுவெதுப்பு. முந்தைய சொந்தக்காரருக்கு அதைப் பொருத்திய யாரோ, ஸ்டீரியோவை அணைத்ததும் ஆம்ப்ளிஃபையரையும் அணைக்க வேண்டிய நீல-வெள்ளை ஒயரை, எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார். பாட்டு நின்ற பிறகும் ஆம்ப்ளிஃபையருக்கு அது தெரியவே இல்லை.

பிரித்து, ஸ்டீரியோவில் அதற்கென்று உள்ள முனையில் சேர்த்ததும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது.

பேட்டரிதான் பாவம். கார் பேட்டரி செல்ஃப் எடுக்கும் ஒரு நொடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கச் செய்யப்பட்டது; அடிமட்டம் வரை வற்றவிட்டால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் கெட்டித்துவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. பெரியவர் தன் சின்ன சார்ஜரில் மெதுவாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போதைக்குக் கிளம்புகிறது, கொஞ்சம் இழுத்துக்கொண்டு. பழைய பேட்டரியை ஈய விலைக்குக் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மழைக்காலம் வரைக்கும் ஓட்டு தம்பி, அப்புறம் பார்க்கலாம் என்கிறார் பெரியவர்.